துப்பாக்கியை மெதுவாகப் பார்த்தபோது



சென்ற வாரம் எங்கள் வீட்டில் ஒரு சின்ன வழக்கு. பேரன் ஒன்பதாவது படிக்கிறான். பரீட்சை முடிந்த விடுமுறை. காலையிலிருந்து செல்போனில் துப்பாக்கி வெடிக்கும் படங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று மருமகள் போனைப் பிடுங்கி என் கையில் கொடுத்துவிட்டாள். "நீங்களே பார்த்துச் சொல்லுங்க மாமா, பிள்ளைங்க பார்க்கற விஷயமா இது?" என்றாள். ரிட்டயர்டு குமாஸ்தாவுக்கு வீட்டில் மிச்சமிருக்கும் அதிகாரம் இந்த மாதிரி பஞ்சாயத்து ஒன்றுதான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

நான் நினைத்தது போல அதில் சண்டை இல்லை, ரத்தம் இல்லை, மனிதன் மேல் யாரும் சுடவும் இல்லை. துப்பாக்கியை மேசையில் இறுக்கிப் பூட்டி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு கேமரா. அது நொடிக்குப் பத்தாயிரம், இருபதாயிரம் படம் எடுக்கிற ஜாதி. சுட்டதை அப்புறம் மெதுவாக ஓட்டிக் காட்டுகிறார்கள். இங்கிலாந்துக்காரர்கள் இருவர் 'ஸ்லோ மோ கைஸ்' என்ற பெயரில் 2010 முதல் இப்படி எதை எதையோ எடுத்துப் போடுகிறார்கள். அமெரிக்காவில் இயன் மெக்காலம் என்பவர் பழைய துப்பாக்கிகளைப் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு உறுப்பும் என்ன செய்கிறது என்று வாத்தியார் மாதிரி விளக்குகிறார்.

கணக்கு போட்டுப் பார்த்தால்தான் இதன் அருமை புரியும். குமாஸ்தா புத்தி, கணக்கு போடாமல் இருக்க முடியாது. நாம் எல்லோரும் பெயர் கேட்ட ஏகே வகைத் துப்பாக்கி நிமிடத்துக்குச் சுமார் 600 தோட்டா சுடும். அதாவது நொடிக்குப் பத்து. ஒரு தோட்டாவுக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு. நொடிக்குப் பத்தாயிரம் படம் எடுக்கிற கேமராவில் அந்த ஒரு தோட்டாவுக்கு ஆயிரம் படம் கிடைக்கும். அதை நொடிக்கு 25 படம் வீதம் ஓட்டினால் 40 நொடி. கண் சிமிட்டுவதற்குள் முடிகிற காரியத்தை, காபி ஆற்றிக் குடிக்கிற நேரம் உட்கார்ந்து பார்க்கலாம்.

அந்த நாற்பது நொடியில் என்ன நடக்கிறது? விசையை இழுத்ததும் குதிரை விடுபட்டு முன்னால் வந்து ஊசியை அடிக்கிறது. ஊசி தோட்டாவின் அடியில் உள்ள கேப்பைக் குத்துகிறது. மருந்து பற்றுகிறது. தோட்டா நொடிக்கு 700 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் குழலை விட்டுப் போய்விடுகிறது. குழலுக்குள் அது இருப்பது ஏறக்குறைய நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆயிரம் படத்தில் பத்துப் படம்தான் அதற்கு. தோட்டா போன பிறகுதான் துப்பாக்கியின் வேலையே தொடங்குகிறது. குழலின் மேல் ஒரு சிறு துளை. அதன் வழியே கொஞ்சம் புகை திரும்பி வந்து பிஸ்டனைப் பின்னால் தள்ளுகிறது. போல்ட் கொஞ்சம் திரும்பிப் பூட்டு கழல்கிறது. ஒரு கொக்கி காலிக் கூட்டைப் பிடித்து இழுக்க, அது இடறுகட்டையில் மோதி வெளியே பறக்கிறது. ஸ்பிரிங் சுருங்கி, திரும்ப விரிந்து, போல்ட்டை முன்னால் தள்ளுகிறது. வருகிற வழியில் அடுத்த தோட்டாவை மேகசினிலிருந்து தள்ளிக்கொண்டு போய் உள்ளே வைத்துப் பூட்டுகிறது. இதற்கிடையில் இரும்புக் குழல் தண்ணீர்ப் பாம்பு மாதிரி நெளிகிறது. இரும்பு நெளியும் என்று அதுவரை யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

எங்கள் எதிர்வீட்டுக்காரர் ஐம்பது வருஷமாகப் பட்டுத் தறியில் உட்கார்ந்தவர். அவரையும் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு தடவை பார்த்துவிட்டு, "தறி மாதிரிதான் சார் இருக்குது. பாவு விலகணும், நாடா போகணும், அடிக்கணும். ஒண்ணு முந்தினாலும் பிந்தினாலும் இழை அறுந்துடும். இதுவும் அப்படித்தான்" என்றார். என்ஜினீயர் சொன்னால்கூட இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருப்பாரா தெரியாது. நம் திருச்சியில் 1966 முதல் இருக்கும் படைக்கலத் தொழிற்சாலையில் 'திருச்சி அசால்ட் ரைஃபிள்' என்று செய்கிறார்களே, அதுவும் இந்தக் குடும்பத்துத் துப்பாக்கிதான். அங்கே வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் எழுதியதில் பிழை இருந்தால் திருத்துங்கள்.

எனக்கு இன்னொரு பழைய நினைவும் வந்தது. புதுச்சேரியில் நான் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில் விஞ்ஞானப் பாடத்தில் எத்தியென் ஜூல் மாரே என்பவரைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தார்கள். பறவை எப்படிப் பறக்கிறது என்று பார்க்க 1882-ல் அவர் ஒரு கேமரா செய்தார். அது துப்பாக்கி உருவத்திலேயே இருக்கும். தோளில் வைத்துப் பறவையைக் குறி பார்த்து விசையை அழுத்தினால் நொடிக்குப் பன்னிரண்டு படம் விழும். 'ஃப்யூசி ஃபொத்தொகிராஃபிக்' என்று வாத்தியார் சொன்னபோது வகுப்பே சிரித்தது. அவருக்கு முன்னால் ஜான்சன் என்ற வானியலார், சூரியனை வெள்ளி கடப்பதைப் படம் பிடிக்க 1874-ல் ரிவால்வர் மாதிரி சுழலும் கேமரா செய்திருந்தார். இந்த ஜான்சன்தான் 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தைப் பார்க்க, அப்போது சென்னை ராஜதானியில் இருந்த குண்டூருக்கு வந்தவர். ஆக, சுழன்று சுழன்று படம் எடுக்கிற வித்தையைக் கேமராவுக்குக் கற்றுக் கொடுத்ததே துப்பாக்கிதான். இன்று கேமரா துப்பாக்கியைக் காட்டிக் கொடுக்கிறது.

மாரேயிடம் உதவியாளராக இருந்த லூசியன் புல், சோப்புக் குமிழியைத் தோட்டா துளைப்பதைப் படம் பிடித்தார். அதற்கும் முன்பே, 1886-ல், மாக்கும் சால்ச்சரும் பறக்கும் தோட்டாவின் முன்னால் காற்று அலையாகத் திரள்வதைப் படம் எடுத்துவிட்டார்கள். விமானத்துக்கு 'மாக் 1', 'மாக் 2' என்று வேகம் சொல்கிறோமே, அந்த மாக்தான். 1964-ல் அமெரிக்காவில் எட்கர்ட்டன் ஆப்பிளைத் துளைத்துப் போகும் தோட்டாவை எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. ஆக இது பையன்களின் புது விளையாட்டு அல்ல. நூற்று நாற்பது வருஷ விஞ்ஞானம்.

மருமகளிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்போ சினிமாவுல துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டு ஸ்லோ மோஷன்ல நடந்து வர்றாங்களே, அதுவும் விஞ்ஞானமா மாமா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. என் கருத்தை அங்கேதான் சொல்ல வேண்டும்.

மெதுவாகக் காட்டுவதில் இரண்டு வகை உண்டு. சினிமாவில் மெதுவாகக் காட்டுவது நாம் யோசிக்காமல் இருப்பதற்கு. கதாநாயகன் நடக்கிறான், கோட்டு பறக்கிறது, பின்னணி இசை அதிர்கிறது, துப்பாக்கி சாமி சிலை மாதிரி மின்னுகிறது. அது எப்படி வேலை செய்கிறது என்று காட்டினால் அந்த மயக்கம் போய்விடும். ஆறு தோட்டா ரிவால்வரில் அறுபது முறை சுடுவார்கள். சுடச் சுட ரிவால்வரிலிருந்து காலிக் கூடு சிதறும். ரிவால்வரில் கூடு உருளைக்குள்ளேயேதான் இருக்கும், நாமாகத் திறந்து கொட்டினால்தான் விழும் என்று பேரன் எனக்குச் சொன்னான். அவன் பார்த்த படங்கள் அவனுக்குக் கற்றுத் தந்தது இது. துப்பாக்கி என்பது ஸ்பிரிங், கொக்கி, புகை, சூடு என்று தெரிந்துகொண்ட பையன், அதைத் தூக்கிக்கொண்டு நடப்பவனைப் பார்த்து வாய் பிளக்க மாட்டான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இந்த இரண்டாம் வகையிலும் பதர் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தர்பூசணியைச் சுட்டுச் சிதறடித்துச் சிரிப்பவர்களும் இருக்கிறார்கள். அதில் கற்க ஒன்றுமில்லை. பக்கத்தில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்து பார்ப்பது நல்லது. ஆனால் அத்தனையையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'கெட்டது' என்று எழுதிவிடக் கூடாது. ஒரு தடவை அப்படி எழுதிவிட்டு நாற்பது வருஷம் கழித்து வருந்துகிறவன் சொல்கிறேன்.

வட ஆற்காடு மாவட்டம் பிரியாத காலம். எண்பதுகளின் தொடக்கம். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் துப்பாக்கி லைசென்ஸ் கோப்புகள் என் மேசைக்கு வரும். எஸ்.பி.எம்.எல்., எஸ்.பி.பி.எல்., டி.பி.பி.எல். என்று பதிவேட்டில் ஆயிரம் முறை எழுதியிருப்பேன். ஒற்றைக் குழல், இரட்டைக் குழல், வாய்வழி மருந்து கெட்டிப்பது, பின்வழி தோட்டா போடுவது என்பதெல்லாம் எழுத்தில் தெரியும். ஒரு துப்பாக்கி வெடித்து நான் கண்ணால் பார்த்ததில்லை.

அப்போது ஒரு கோப்பு வந்தது. ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு கிராமம். பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் வைத்திருந்த விவசாயி. வாய்வழி மருந்து கெட்டிக்கும் கேப்புத் துப்பாக்கி. ஐப்பசி மாதம், மழை. கடலைக் கொல்லையில் காட்டுப்பன்றி இறங்கியது என்று ராத்திரி தம்பியோடு காவலுக்குப் போயிருக்கிறார். பன்றி மேல் குறி வைத்து விசையை இழுத்தார். குதிரை விழுந்தது, வெடிக்கவில்லை. சரி, மருந்து நமுத்துவிட்டது என்று துப்பாக்கியை இறக்கினார். இறக்கும்போது வெடித்தது. ரவை தம்பியின் முழங்காலில் பாய்ந்தது.

இதுதான் அவர் சொன்னது. ஊரில் வேறு மாதிரிப் பேசினார்கள். அண்ணன் தம்பிக்குள் கிணற்றுப் பங்கில் தகராறு இருந்ததாம். குறி வைத்தே சுட்டான் என்று சிலர். குடித்துவிட்டுச் சுட்டான் என்று சிலர். போலீசில் விபத்து என்று முடித்துவிட்டார்கள். லைசென்ஸை ரத்து செய்வதா வேண்டாமா என்ற கேள்வி எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. அவரே இரண்டு தடவை நேரில் வந்தார். என் மேசை முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, "குதிரை உழுந்துச்சுங்க சாமி. வெடிக்கல. எறக்கினேன். அப்பறந்தான் வெடிச்சது" என்று அதையே சொன்னார். நான் எழுதிய குறிப்பு இன்னும் நினைவிருக்கிறது. 'குதிரை விழுந்த பின் நேரம் கழித்து வெடித்ததாகக் கூறுவது நம்பத்தகுந்ததாக இல்லை. கவனக்குறைவு தெளிவு.' மேலே கையெழுத்தாகி வந்தது. லைசென்ஸ் ரத்து. துப்பாக்கி போய்விட்டது. அவர் மேல் விழுந்த பேச்சு போகவில்லை.

பேரனின் போனில் ஒரு பழைய காலத்துத் துப்பாக்கிப் படமும் இருந்தது. கேப்பு வருவதற்கு முந்திய, சக்கிமுக்கிக் கல் வைத்த துப்பாக்கி. நம் ஆரணிப் பக்கம் 1751 டிசம்பர் 3 அன்று ராபர்ட் கிளைவின் படையும், சந்தா சாகிப்பின் மகன் ரசா சாகிப்பும் பிரெஞ்சுக்காரர்களும் மோதிக்கொண்ட சண்டையின் காலத்துத் துப்பாக்கி அது. மெதுவாக ஓடும்போது எல்லாம் தெரிகிறது. குதிரை விழுகிறது. கல் இரும்பில் உரசிப் பொறி கொட்டுகிறது. பக்கத்துக் கிண்ணத்தில் இருக்கும் மருந்து பற்றி எரிகிறது. அந்தத் தீ ஒரு சிறு துளை வழியே உள்ளே போக வேண்டும். போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. அதன் பிறகுதான் குழலின் வாயில் புகை. நல்ல உலர்ந்த மருந்திலேயே அந்த இடைவெளி இருக்கிறது. அடுத்த படத்தில் கிண்ணத்து மருந்து எரிந்து அணைந்தே விட்டது. வெடிக்கவில்லை என்று நான் நினைத்தேன். அப்புறம் வெடித்தது.

போனைக் கீழே வைத்துவிட்டேன். கை நடுங்கியது.

பிறகு தேடிப் படித்தேன். இது எல்லாருக்கும் தெரிந்த விஷயமாம். ஸ்காட்லாந்தில் அலெக்சாண்டர் ஃபோர்சித் என்ற பாதிரியார், கிண்ணத்துத் தீயைப் பார்த்த பறவைகள் தோட்டா வருவதற்குள் பறந்துவிடுகின்றன என்று கண்டுதான் அடித்தால் பற்றும் மருந்தைத் துப்பாக்கிக்குக் கொண்டுவந்து 1807-ல் காப்புரிமை வாங்கினார். பின்னால் கேப்பு வந்தது அந்த வழியில்தான். பறவைக்குத் தெரிந்த இடைவெளி எனக்குத் தெரியவில்லை. கேப்புத் துப்பாக்கியில் இடைவெளி குறைவு. ஆனாலும் மருந்து நமுத்திருந்தாலோ, துளையில் கசடு அடைத்திருந்தாலோ, உள்ளே கனன்று கொண்டிருந்து பிறகு வெடிக்கலாம். பிளாசியில் 1757-ல் மழையில் நவாப்பின் மருந்து நனைந்ததால் சண்டையே மாறியது என்று பள்ளியில் படித்தவன்தான் நான். ஐப்பசி மழையில் ஒரு விவசாயியின் மருந்து நமுக்கும் என்று மட்டும் எனக்கு ஏன் தோன்றவில்லை? விசையை இழுத்து வெடிக்காவிட்டால் குழலை யாரும் இல்லாத பக்கம் நீட்டியபடியே குறைந்தது ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பது இன்று சுடப் பழகுகிறவர்களுக்குச் சொல்லித் தரும் ஆரம்பப் பாடம். அவருக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. லைசென்ஸ் கொடுத்த நாங்களும் சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பேரனைக் கூட்டிக்கொண்டு அந்தக் கிராமத்துக்குப் போனேன். ஊர் பெயர் மறக்கவில்லை. அவர் காலமாகிப் பல வருஷமாயிற்று. தம்பி இருந்தார். கோலை ஊன்றிக்கொண்டு திண்ணைக்கு வந்தார். நான் யார் என்று சொன்னேன். போனில் படத்தைக் காட்டினேன். உற்றுப் பார்த்தார். "இதுக்கா சார் இவ்ளோ தூரம் வந்தீங்க? நான் பக்கத்துலதான நின்னேன். டிக்குன்னு குதிரை உழுந்தது கேட்டுச்சு. அண்ணன், சீ, போச்சுடான்னாரு. அப்பறந்தான் வெடிச்சது. என்னை யாரு கேட்டாங்க?" என்றார்.

வாஸ்தவம். கோப்பில் கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை இருந்தது, வருவாய் ஆய்வாளரின் அறிக்கை இருந்தது, ஊரார் வாக்குமூலம் இருந்தது. குண்டு பட்டவரின் வாக்குமூலம் இல்லை. அது இல்லை என்பதை நானும் கவனிக்கவில்லை. ஒரு மோர் கொடுத்து அனுப்பினார். திரும்பி வருகிற பஸ்ஸில் பேரன், "தாத்தா, அப்போ கேமரா இல்லாமலே தெரிஞ்சிருக்கலாம் இல்ல?" என்றான். ஆமாம் என்றேன்.

நொடிப்பொழுதில் நடந்ததைப் பல மாதம் உட்கார்ந்து விசாரிப்பது கோர்ட்டுக்குப் புதிதல்ல. 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆர். கழுத்தில் குண்டு பாய்ந்து, எம்.ஆர்.ராதாவும் காயம்பட்ட வழக்கு நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். யார் எப்படிச் சுட்டார் என்று தமிழ்நாடே டீக்கடையில் தீர்ப்பு சொன்னது. கோர்ட் சாட்சி கேட்டது. பெரிய மனிதர் வழக்கென்றால் நிதானமாகப் பார்க்கிறோம். கடலைக் கொல்லைக்காரர் வழக்கென்றால் ஒரு வரிக் குறிப்பில் முடித்துவிடுகிறோம்.

ஊசி கேப்பில் பதிக்கிற பள்ளம், கொக்கி காலிக் கூட்டில் விடுகிற கீறல் இவற்றை வைத்துத்தான் தடய அறிவியல் நிபுணர்கள் எந்தத் தோட்டா எந்தத் துப்பாக்கியிலிருந்து வந்தது என்று சொல்கிறார்கள். அந்தப் பள்ளமும் கீறலும் எப்படி விழுகின்றன என்று இந்தப் படங்களில் யாரும் பார்க்கலாம். 2016-ல் வந்த புதிய படைக்கல விதிகளின்படி லைசென்ஸ் கேட்பவர் பாதுகாப்புப் பயிற்சி பெற வேண்டும். நல்லது. கோப்பு எழுதுகிறவருக்கும் ஒரு நாள் பயிற்சி வேண்டும் என்பது என் யோசனை. லைசென்ஸ் பிரிவுக்கு மாற்றலாகி வரும் ஒவ்வொரு உதவியாளருக்கும், விசாரணைக்குப் போகும் ஒவ்வொரு காவலருக்கும் பத்து நிமிடம் இந்த மெதுவான படங்களைப் போட்டுக் காட்டட்டும். செலவு ஒன்றும் இல்லை. எல்லாம் செல்போனிலேயே இருக்கிறது. அதோடு, எதிரில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறவர் ஒரே வாக்கியத்தை இரண்டு தடவை சொன்னால், மூன்றாவது தடவையும் சொல்லச் சொல்லிக் கேட்கும்படி சொல்லிக் கொடுக்கட்டும்.

மருமகளிடம் தீர்ப்பைச் சொல்லிவிட்டேன். பையன் பார்க்கட்டும். மாலையில் அரை மணி நேரம், நானும் கூட உட்கார்ந்து பார்க்கிறேன். "பேரனுக்காகவா, உங்களுக்காகவா மாமா?" என்றாள். பதில் சொல்லவில்லை.

உங்களில் யாராவது கேப்புத் துப்பாக்கி வெடிக்கத் தாமதித்ததை நேரில் பார்த்திருந்தால் எழுதுங்கள். அந்தத் தம்பிக்குப் படித்துக் காட்ட வேண்டும். அண்ணனுக்குத்தான் இனி முடியாது.